ஜன்னலோர நாற்காலியும் ஹலோவும்

ஹலோவைப் பற்றி இந்த ஆபீஸில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. பிரியத்தில் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் வயிற்றெரிச்சலில் தெரிந்துகொண்டது.

அவர் உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் புகார் போனை எடுத்து "ஹலோ, சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினால் போதும், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "சொல்லுங்க" என்பார். டீயை உறிஞ்சுகிற சத்தம் அடுத்த மேஜைக்குக் கேட்கும். இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரே ஜோக்கை வாரத்துக்கு மூன்று தடவை சொல்லுவார், மூன்று தடவையும் முதலில் அவரேதான் சிரிப்பார்.

பத்தொன்பது வயதில் பேக்கிங் பிரிவில் பெட்டி தூக்கச் சேர்ந்தவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று அவரைப் புகார் போன் முன்னால் உட்கார வைத்தார்கள். வீடு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவர். "வீட்டுல அவ குத்துவா, ஆபீஸ்ல நீங்க குத்துங்க" என்பதுதான் மேலே சொன்ன ஜோக்.

நாங்கள் செய்வது வீட்டுச் சாமான். பிளாஸ்டிக் டப்பா, வாளி, ஃபிளாஸ்க். நான் அங்கே டிசைனர். பதினாறு வருஷம். எப்போதும் கையில் ஓர் இரும்பு ஸ்கேல் இருப்பதால் எனக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். காகிதத்தை வெட்டினால் ஒரு நூல் பிசகாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

எங்கள் தலைமை டிசைனர் வேறு கம்பெனிக்குப் போனார். மேஜையில் அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலி காலியானது. முறைப்படி அது எனக்கு வர வேண்டியது. ஆனால் மேனேஜர் எங்கோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, டிசைன் என்பது ஒருத்தர் மண்டையில் முளைப்பது இல்லை, கூடி உட்கார்ந்து யோசித்தால்தான் வரும் என்றார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைக் கூத்து ஆரம்பமானது.

கூத்து இப்படி. மேஜை முழுக்கப் பழுப்புக் காகிதம் விரிப்போம். சுற்றி ஐந்து பேர், ஆளுக்கொரு பென்சில். தன் முன்னால் இருக்கிற இடத்தில் தோன்றியதை வரையலாம், எழுதலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கும். உடனே எல்லோரும் எழுந்து இடப்பக்கம் ஒரு நாற்காலி நகர வேண்டும். அங்கே முந்தின ஆள் போட்டுவைத்ததை அழிக்காமல் மேலே தொடர வேண்டும். பெயர் எழுதக் கூடாது. "முடியாது" என்று சொல்லக் கூடாது, சொன்னால் அந்தச் சுற்று முடிகிறவரை நிற்க வேண்டும். அச்சு செய்கிற மோல்டு அண்ணன் முதல் இரண்டு வாரமும் நின்றுகொண்டே இருந்தார். வர்ணம் தேர்வு செய்கிற பெண்ணை நாங்கள் கலர் என்போம். அலாரம் அவள் போனில்தான்.

நாலாவது ஆள் மேனேஜர். ஐந்தாவதாக, புகார் போனிலிருந்து ஹலோவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்.

எனக்குக் காதில் புகை வந்தது. நான் ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்தவள். ஹலோவுக்கு வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வரும். அவர் கொண்டுவந்ததோ பதினான்கு நோட்டு. பதினோரு வருஷப் புகார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குரல் எப்படி இருந்தது என்று எழுதியிருப்பார். "கோவம்." "அழுதாங்க." "சிரிச்சுக்கிட்டே திட்டுனாங்க." அந்த மாதம் நாங்கள் கரையேற்ற வேண்டியது ஃபிளாஸ்க். பழைய ஃபிளாஸ்கின் விற்பனை படுத்துவிட்டது. ஹலோ நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"மூடி இறுகிப்போச்சு. மூடி திறக்கல. மூடி திறக்கல, பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறந்தார். மூடி திறக்கல, கடைக்கே திருப்பிக் கொண்டுபோயிட்டேன்..."

அந்த மூடி நான் செய்தது. மேஜையில் எல்லோருக்கும் தெரியும். கலர் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினாள். ஹலோ மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சரி, குறையைச் சொல்ல யாராலும் முடியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அவர் இருந்தால் மேஜையில் எல்லோருக்கும் வாய் திறந்தது. பதினோரு வருஷம் போனில் எதிராளியிடம் "இல்லை" என்று சொல்ல அனுமதி இல்லாதவர். அரைகுறையாக யார் எதைச் சொன்னாலும், "சரி, அப்புறம்?" என்பார். அந்த அப்புறத்தில் மோல்டு அண்ணனே இரண்டு யோசனை சொன்னார். பத்து வருஷமாக அவர் வாயிலிருந்து "முடியாது" தவிர வேறு ஒன்றை நான் கேட்டதில்லை. மேனேஜர் ஹலோவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை அவர் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள் மேனேஜர் வெளிப்படையாகவே சொன்னார்: "இந்த ஃபிளாஸ்க்கை யாரு கரையேத்துறாங்களோ, அவங்களுக்குத்தான் ஜன்னலோர நாற்காலி."

அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்கும்வரை மேனேஜரே அதில் உட்கார்ந்து வந்தார். செவ்வாய்க்கிழமை இடம் மாறி வரும்போது எனக்கும் அது பத்து நிமிஷம் கிடைக்கும். கடையில் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற புடவை மாதிரி, உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுவேன். அதிலிருந்து பார்த்தால் வெளியே பஸ் நிறுத்தம் தெரியும். வரைபடத்தில் நல்ல வெளிச்சம் விழும்.

அன்றிலிருந்து நான் மேஜையில் கஞ்சத்தனம் பிடித்தேன். நல்ல யோசனையை மேஜையில் போட்டால் பொதுச் சொத்தாகிவிடுகிறதே. உருப்படியானதை வீட்டில் வைத்துக்கொண்டு, மேஜையில் குப்பையைக் கொட்டினேன். அதில் ஒரு சிக்கல், வீட்டிலும் உருப்படியாக ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்தாவது செவ்வாய். அன்று காலையில்தான் அம்மாவோடு ஒரு சண்டை. அம்மா என்னோடு இருக்கிறாள். காலையில் அவளுக்கு விரல் மடங்காது. ஃபிளாஸ்க் மூடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே, "இதைச் செஞ்சவளைக் கொண்டா, ரெண்டு அறை விடறேன்" என்றாள். "செஞ்சவ உன் எதிர்லதான் நிக்கிறா" என்றேன். "தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றாள்.

அந்தக் கடுப்பு ஆறாமல் கதவோரம் என் இடத்தில் உட்கார்ந்து, குப்பைக்குக் குப்பையாக, ஒரு மூடியை உள்ளங்கை ஓங்கி அடிப்பது போலக் கிறுக்கினேன். இடப்பக்கம் ஹலோ எட்டிப் பார்த்து, "கை நல்லா இருக்கே மேடம்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அலாரம் அடித்தது, நகர்ந்தேன். இரண்டாவது சுற்று முடிவதற்குள் அம்மாவிடமிருந்து போன். குளியலறைக் குழாய் மூடவில்லையாம். வராந்தாவில் நின்று குழாய்க்காரரைத் தேடிப் பிடித்து முடிப்பதற்குள் மேஜையில் ஐந்து சுற்றும் ஓடிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே கைதட்டல். ஹலோ உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மோல்டு அண்ணன் அவர் முதுகில் தட்டி, அப்புறம் அது வலிக்கிற முதுகு என்று ஞாபகம் வந்து தடவினார். "அக்கா, இங்க வாங்க, இதைப் பாருங்க, ஹலோ அண்ணா பின்னிட்டாரு!" என்றாள் கலர்.

பார்த்தேன். விரலால் திருக வேண்டாத மூடி. உள்ளங்கையால் அழுத்தினால் திறக்கும். மறுபடி அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு மூடும். பையில் ஒழுகுகிறது என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மூடினோமா இல்லையா என்பதே தெரிவதில்லையாம், சத்தம் கேட்டால் தெரிந்துவிடுமாம். ஸ்பிரிங் வைக்கிற இடத்தை மோல்டு அண்ணன் கெட்டிப் பென்சிலால் அழுத்திப் போட்டிருந்தார். அதற்கு மேலே கலர் ஆரஞ்சு வர்ணம் தீட்டியிருந்தாள். ஹலோ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் காகிதத்தையா பார்த்தேன்? யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்த்தேன். வாய் "நல்லா இருக்கு" என்றது. பதினாறு வருஷம் நான் எதிர்பார்த்திருந்த கைதட்டலை, வட்டம்கூடப் போடத் தெரியாத ஒரு மனிதர் பத்து நிமிஷத்தில் வாங்கிவிட்டார். ஜன்னலோர நாற்காலி போயே போய்விட்டது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமைக் காகிதங்களைச் சுருட்டி, தேதி போட்டு, மூலையில் ஒரு டிரம்மில் நிறுத்திவைப்பது வழக்கம். அவற்றை யாரும் திரும்பப் பிரித்துப் பார்த்ததே இல்லை. அன்று மாலை மற்றவர்கள் கிளம்பியதும் நான் அன்றைய சுருளைப் பிரித்தேன். தரை துடைக்கிற அம்மா பக்கத்து அறையில் நாற்காலிகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஸ்கேலை வைத்தேன், கத்தியை இழுத்தேன். நாலு கோடு. மூடி வரைந்திருந்த துண்டு மட்டும், ஓரத்தில் ஒரு நூல் இடம்கூட விடாமல், சுத்தமாக வந்தது. மீதியைச் சுருட்டி டிரம்மில் போட்டேன். அந்தத் துண்டில் ஒரு கை இருந்ததைக் கவனித்தேன். அது யார் வரைந்த கை என்று யோசிக்கவே இல்லை. ஹலோவுக்கு வரைய வராது என்பதுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. பொறாமை வந்தவளுக்குக் கண் எங்கே தெரிகிறது?

அந்த வாரம் முழுக்க வீட்டில் வேலை. அளவெடுத்து வரைந்தேன், நுரைப்பலகையில் மாதிரி செய்தேன். என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "என்ன இவ்வளவு வேகம்? பிரேக் இருக்கா?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. அம்மா மாதிரியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள். அந்தப் பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய். காகிதம் விரிப்பதற்கு முன்பே மாதிரியை மேஜை நடுவில் வைத்தேன். மேனேஜர் கையில் எடுத்து அழுத்தினார், திறந்தது. மறுபடி அழுத்தினார், டக். அவர் முகம் மலர்ந்தது.

"அருமை. யாரோட யோசனை இது?" தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"வீட்டுல உட்கார்ந்து நானா யோசிச்சது சார்."

மோல்டு அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேடம், இது போன வாரம் பேப்பர்ல வந்ததாச்சே?"

"ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரக்கூடாதா அண்ணே?"

"வரலாம். ஸ்பிரிங்கு நான் போட்ட அதே இடத்துலயேவா வரும்?"

ஹலோவைப் பார்த்தேன். அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர், "எதுக்குச் சண்டை? பேப்பரை எடுங்க, பார்த்துடலாம்" என்றார். கலர் ஓடிப்போய் டிரம்மிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். சுருளை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று நினைத்த நானும் அந்தப் பூனைதான்.

காகிதம் மேஜையில் விரிந்தது. கதவோரத்து இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. நாலு பக்கமும் நேர்கோடு, நாலு மூலையும் செங்கோணம். இந்த ஆபீஸில் அப்படி வெட்டுகிற கை ஒன்றுதான் உண்டு. மோல்டு அண்ணன் ஓட்டையைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓட்டைக்குப் பக்கத்தில், மீதிக் காகிதத்தில், கோணல்மாணலாக ஓர் அம்புக்குறி. அதன் முனை ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் வாலில், உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காக ஹலோவின் கையெழுத்து. மேனேஜர்தான் சத்தமாக வாசித்தார்.

"இந்தக் கை ஸ்கேல் மேடம் போட்டது. இதுலேருந்துதான் எல்லாம் வந்துச்சு. யாரும் அழிக்காதீங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மொத்தமாகப் புரிந்தது. ஹலோ கடைசிச் சுற்றில் வந்து உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. அம்மா தட்டின தட்டை நான் கிறுக்கினேன். அதில் மோல்டு அண்ணன், மேனேஜர், கலர் என்று ஒவ்வொருவராக வந்து ஏற்றினார்கள். ஹலோ வந்து சத்தத்தைச் சேர்த்தார். நான் வராந்தாவில் குழாய்க்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பெயர் எழுதக் கூடாது என்கிற விதியை எனக்காக மீறி, என் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அந்த எழுத்தைப் படிக்காமலே விட்டுவிட்டு, அதற்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நான் ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன், அவ்வளவு பயம். ஹலோதான் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். போனில் பேசுகிற அதே குரல்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். வெட்டினதையும் சொன்னேன், எதற்கு வெட்டினேன் என்பதையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது. ஒரு பாராட்டுக்காக இப்படியா என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஹலோ மட்டும் "சரி, அப்புறம்?" என்றார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஃபிளாஸ்க் வெளிவந்தது, நன்றாக விற்கிறது. டப்பாவின் மேல் யார் பெயரும் கிடையாது, எந்தச் சாமானின் டப்பாவிலும் இருந்ததில்லை. அதை அந்த வாரமே யாராவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதைக் கேள்விப்பட்டிருக்கேன். அடுத்தவன் வீட்டுச் சுவர் ஏறிக் குதிச்சு, சொந்த வெண்ணெயையே திருடினவளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். அம்மா அவரை அதட்டுவாள் என்று பார்த்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நாற்காலியைப் பற்றி மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கொடுக்கறதா இருந்தேன் மேடம். கைதட்டின அன்னிக்குச் சாயந்தரமே ஹலோ வந்து, 'வேர் அவங்களோடது, அவங்களுக்கே கொடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனார். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்." அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டது என் கைதான் என்று தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஹலோவுக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தைக்காவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. முதுகுக்கு ஒரு திண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வாரம் என்னிடம் பேசவும் இல்லை. பிறகு ஒருநாள் டீ மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"கோவம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க மேடம். நிறைய இருந்துச்சு. கோவத்தைக் காதுல வாங்கி நோட்டுல இறக்கி வச்சே பழக்கம். இதையும் எழுதி வச்சுட்டேன்."

"என்னன்னு எழுதினீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்றதில்ல. புகார் கொடுத்தவங்க ரகசியம்."

"குரல் எப்படி இருந்துச்சுன்னு எழுதினீங்க? அதையாவது சொல்லுங்க."

டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். சொல்லாமலே போய்விட்டார். போகும்போது என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு இன்னும் பொறாமை போகவில்லை. திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். காலையில் உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரத்தில் அந்தத் திண்டு இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வருகிற பெரிய ஆட்களெல்லாம் அவரிடம் கை குலுக்குகிறார்கள். அவர் உட்கார்ந்தபடியே "சொல்லுங்க" என்கிறார்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்த நாற்காலி எனக்கு வருகிறது, பத்து நிமிஷம். திண்டு அவர் சூட்டோடு இருக்கும். அதை நகர்த்திவிட்டு உட்காருகிறேன். பஸ் நிறுத்தம் தெரிகிறது. முன்னால் காகிதத்தில் அவர் போட்டுவிட்டுப் போன உருளைக்கிழங்குகள்.

போன செவ்வாய் அந்த உருளைக்கிழங்குகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு கையாலேயே தூக்கிக் கவிழ்க்கிற வாளி. யாருக்கும் தோன்றாத விஷயம். நான் அதை ஒழுங்காக வரைந்துவிட்டால், அது அவருடையது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்து மோல்டு அண்ணன் வருவார், கெட்டிப் பென்சிலால் இழுப்பார், அதற்கு மேல் ஆரஞ்சு ஏறும். என்னோடது என்று நான் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா இருந்தாலே போதும்.

பின்னால் அலாரம் அடித்தது. நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்திருக்காமல், கோடு கோணாமல் இருக்க ஸ்கேலை வைத்து, ஓர் அம்புக்குறி போட்டேன். "இது ஹலோ போட்டது, யாரும் அழிக்காதீங்க" என்று எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு அழுத்தி எழுதினேனோ, பாதியில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. மோல்டு அண்ணனிடம் இன்னொரு பென்சில் வாங்கி, மீதியையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.